மெய் அட்டவணையால் வாதத்தைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய் அட்டவணை எதைச் சோதிக்கிறது? வாதம் உண்மையா என்பதையா?

இல்லை. மெய், பொய் என்பவை தனித்தனிக் கூற்றுகளுக்கு உரியவை. வாதத்தைப் பற்றிக் கேட்க வேண்டியது அது செல்லுமா செல்லாதா என்பதைத்தான். ஆதாரமாக முன்வைக்கும் கூற்றுகளை எடுகூற்றுகள் என்கிறோம். ‘ஆகவே’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது முடிவு. எடுகூற்றுகள் எல்லாம் மெய்யாக இருந்து, முடிவு மட்டும் பொய்யாகும் நிலை ஒன்றுகூட இல்லையென்றால் வாதம் செல்லும். அப்படி ஒரே ஒரு நிலை இருந்துவிட்டாலும் செல்லாது. இருக்கக்கூடிய நிலைகள் அத்தனையையும் விடாமல் எழுதி, அந்தக் கெட்ட நிலை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுதான் இந்த முறை. திறமையோ ஊகமோ தேவையில்லை, பொறுமை போதும்.

எந்தெந்தக் குறிகள் தேவை?

கூற்றுக்கு ஓர் எழுத்து. மெய்க்கு மெ, பொய்க்கு பொ. இணைக்க நான்கு குறிகள் போதும்.

¬க (க இல்லை): க மெய் என்றால் பொய், பொய் என்றால் மெய்.
க∧ச (க, ச இரண்டும்): இரண்டும் மெய்யானால் மட்டும் மெய்.
க∨ச (க அல்லது ச): இரண்டும் பொய்யானால் மட்டும் பொய்.
க→ச (க எனில் ச): க மெய், ச பொய் என்ற ஒரே நிலையில் பொய், மற்ற மூன்றிலும் மெய்.

கடைசிக் குறிதான் புரியவில்லை. முன்பாதி பொய் என்றால் முழுக் கூற்றும் எப்படி மெய் ஆகும்?

பலரும் தடுக்கி விழும் இடம் இது. மனப்பாடம் செய்து தாண்டிவிடாமல் நின்று பாருங்கள்.

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டினால் கரையோர ஊர்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடப்படும். இந்த ஏற்பாடு மீறப்பட்டது என்று நீங்கள் எப்போது குறை சொல்ல முடியும்? 66 அடி வந்தும் எச்சரிக்கை வராதபோது மட்டும்தான். நீர்மட்டம் 60 அடியில் நிற்கிறது, எச்சரிக்கையும் இல்லை. யாரும் எதையும் மீறவில்லை. நீர்மட்டம் 60 அடிதான், ஆனால் அணைக்குக் கீழே கொட்டிய மழைக்காக எச்சரிக்கை வந்துவிட்டது; அப்போதும் மீறல் இல்லை. 66 அடி வராவிட்டால் எச்சரிக்கை வரவே வராது என்று யாரும் சொல்லவில்லையே.

‘எனில்’ கூற்று மெய் என்பதற்கு அது மீறப்படவில்லை என்று மட்டுமே பொருள். முன்பாதி பின்பாதிக்குக் காரணம் என்று அந்தக் குறி சொல்வதில்லை.

ஒரு வாதத்தை முதலிலிருந்து கடைசிவரை சோதித்துக் காட்ட முடியுமா?

மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த வழக்கையே எடுக்கலாம். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி வைத்த வாதம் இது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள், கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கப் பரல்கள். அவையில் சிலம்பை உடைத்தபோது தெறித்தது மாணிக்கம்.

க: கோவலன் கையில் இருந்தது அரசியின் சிலம்பு.
ச: அந்தச் சிலம்புக்குள் இருப்பது முத்து.

எடுகூற்று 1: க→ச
எடுகூற்று 2: ¬ச
முடிவு: ¬க

எழுத்து இரண்டு, ஆகவே வரிசை நான்கு. இடப்பக்கம் எழுத்துகள், நடுவில் எடுகூற்றுகள், வலக்கோடியில் முடிவு.

| வரிசை | க | ச | க→ச | ¬ச | ¬க |
|---|---|---|---|---|---|
| 1 | மெ | மெ | மெ | பொ | பொ |
| 2 | மெ | பொ | பொ | மெ | பொ |
| 3 | பொ | மெ | மெ | பொ | மெ |
| 4 | பொ | பொ | மெ | மெ | மெ |

இனி எடுகூற்று நெடுவரிசைகளை மட்டும் பாருங்கள். இரண்டும் மெய்யாக இருக்கும் வரிசை எது? நான்காவது மட்டும். அங்கே முடிவு மெய். வாதம் செல்லும்.

1, 2 வரிசைகளில் முடிவு பொய்யாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். அந்த வரிசைகளில் ஏதாவது ஓர் எடுகூற்றும் பொய், ஆகவே அவை சோதனைக்குள் வருவதே இல்லை. எடுகூற்றைப் பார்க்காமல் முடிவை மட்டும் பார்த்து ‘செல்லாது’ என்று எழுதிவிடுவதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி நேரும் பிழை.

அப்படியானால் பாண்டியன் எங்கே தவறினான்?

பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு அரசன் இட்ட ஆணை, சிலம்பு கோவலன் கையில் இருந்தால் அவனைக் கொல்லலாம் என்பது. அதற்குள் அடங்கியிருக்கும் வாதத்தை வெளியே எடுத்து வைப்போம்.

த: அரசியின் சிலம்பைக் கோவலன் திருடினான்.
ப: கோவலன் கையில் அப்படியொரு சிலம்பு இருக்கிறது.

எடுகூற்றுகள் த→ப, ப. முடிவு த.

| வரிசை | த | ப | த→ப | ப | த |
|---|---|---|---|---|---|
| 1 | மெ | மெ | மெ | மெ | மெ |
| 2 | மெ | பொ | பொ | பொ | மெ |
| 3 | பொ | மெ | மெ | மெ | பொ |
| 4 | பொ | பொ | மெ | பொ | பொ |

எடுகூற்றுகள் இரண்டும் மெய்யாக இருப்பவை 1, 3. முதல் வரிசையில் முடிவு மெய். மூன்றாவதில் பொய். ஆகவே செல்லாது. அந்த மூன்றாவது வரிசையை வாய்விட்டுப் படியுங்கள்: திருடவில்லை, ஆனால் கையில் சிலம்பு இருக்கிறது. நடந்தது அதுதான். அரசன் முதல் வரிசையை மட்டும் கண்டான்.

செல்லாது என்று எழுதும்போது எந்த வரிசையால் செல்லாது என்று வரிசை எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வரிசைதான் ஆதாரம். முடிந்தால் அதை இப்படி ஒரு வாக்கியமாகவும் சொல்லிப் பாருங்கள். அட்டவணை போடுவதில் கைப்பிழை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழ் வாக்கியத்தைக் குறியாக மாற்றும்போது எங்கே பிழை வருகிறது?

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் வருகின்றன. குறியாக்கம் தவறினால், அதற்குப் பிறகு எவ்வளவு சுத்தமாக அட்டவணை போட்டாலும் அது வேறொரு வாதத்துக்கான அட்டவணை. ம: மழை பெய்கிறது, ந: கண்மாய் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம்.

‘மழை பெய்தால் கண்மாய் நிரம்பும்’: ம→ந. இதில் சிக்கல் இல்லை.

‘மழை பெய்தால்தான் கண்மாய் நிரம்பும்’: ந→ம. அம்பு திரும்பிவிடுகிறது. மழை இல்லாமல் நிரம்பாது என்றுதான் இது உறுதி சொல்கிறது. மழை பெய்தாலே நிரம்பிவிடும் என்று சொல்லவில்லை. வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடந்தால் எவ்வளவு பெய்தும் நிரம்பாது, அப்போதும் இந்த வாக்கியம் மெய்தான். ‘தான்’ என்ற ஒட்டைக் கவனிக்காமல் ம→ந என்று எழுதினால் விடையே தலைகீழாகிவிடும். ‘மழை பெய்தாலொழிய நிரம்பாது’ என்பதும் இதே பொருள்தான். அதை ¬ம→¬ந என்று எழுதினாலும் சரி, ந→ம என்று எழுதினாலும் சரி, நெடுவரிசை ஒன்றாகவே வரும். ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

‘மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் திருவிழா நடக்கும்’: இதில் ‘ஆல்’ இருந்தாலும் நிபந்தனை இல்லை. திருவிழா நடக்கும் என்பது மட்டும்தான் கூற்று.

‘மழை பெய்ததால் கண்மாய் நிரம்பியது’: ஓர் எழுத்துதான் கூடியிருக்கிறது, ஆனால் இது ‘எனில்’ ஆகாது. மழையும் பெய்தது, கண்மாயும் நிரம்பியது, முன்னது பின்னதற்குக் காரணம் என்று மூன்றைச் சொல்கிறது. முதல் இரண்டை ம∧ந என்று எழுதலாம். காரணத் தொடர்பை மெய் அட்டவணையால் எழுத முடியாது; வாதம் அதையே நம்பியிருந்தால் இந்த முறை உங்களுக்கு உதவாது.

‘ஆனால்’, ‘இருந்தும்’, ‘ஆயினும்’ எல்லாமே ∧ தான். பேசுகிறவரின் வியப்பு அட்டவணையில் ஏறாது.

எதிர்மறையில் அடைப்புக்குறி முக்கியம். ‘இட்லியும் இல்லை, தோசையும் இல்லை’ என்றால் ¬இ∧¬தோ. ‘இரண்டும் சேர்த்துக் கிடையாது’ என்றால் ¬(இ∧தோ), ஒன்று கிடைக்கலாம். இரண்டுக்கும் அட்டவணை போட்டால் நான்கில் இரண்டு வரிசைகள் வேறுபடும்.

‘ஓ...ஓ’ வரும்போது இரண்டும் சேர்ந்து நடக்கலாமா என்று கேளுங்கள். ‘இந்த டவுன் பஸ் மாட்டுத்தாவணிக்கோ ஆரப்பாளையத்துக்கோ போகும்’ என்று சொல்பவர் இரண்டில் ஒன்று என்றே நினைக்கிறார். அதை ∨ மட்டும் போட்டு எழுதினால் இரண்டும் சேர்ந்த நிலையையும் அனுமதித்தவர் ஆவீர்கள். ‘ஆரப்பாளையம் போகாது, ஆகவே மாட்டுத்தாவணி’ என்ற வாதத்துக்கு வெறும் ∨ போதும். ‘மாட்டுத்தாவணி போகும், ஆகவே ஆரப்பாளையம் போகாது’ என்பதற்குப் போதாது. இரண்டும் சேராது என்பதை ¬(மா∧ஆ) என்று தனி எடுகூற்றாக எழுதியே ஆக வேண்டும்.

எத்தனை வரிசை போட வேண்டும்? விடுபடாமல் எழுதுவது எப்படி?

எழுத்து ஒன்று கூடினால் வரிசை இரட்டிக்கும். 2 எழுத்துக்கு 4, 3க்கு 8, 4க்கு 16, 5க்கு 32. முதல் நெடுவரிசையில் மேல்பாதி முழுக்க மெ, கீழ்ப்பாதி முழுக்க பொ. அடுத்ததில் அதில் பாதி அளவுக்கு மாற்றி மாற்றி. கடைசி எழுத்தில் ஒன்றுவிட்டு ஒன்று. நினைவுக்கு வந்தபடி எழுதினால் ஒரு வரிசை இரண்டு முறை வந்து இன்னொன்று காணாமல் போகும்; காணாமல் போனதுதான் வாதத்தை உடைக்கும் வரிசையாகவும் இருக்கலாம்.

8 வரிசைக்கு ஓர் எடுத்துக்காட்டு?

மார்கழி, தை மாதங்களில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கேட்கும் பேச்சு: பனி கொட்டினால் மல்லி வரத்து குறையும், வரத்து குறைந்தால் விலை ஏறும், ஆகவே பனி கொட்டினால் விலை ஏறும். ப: பனி கொட்டுகிறது, வ: வரத்து குறைகிறது, ஏ: விலை ஏறுகிறது.

| வரிசை | ப | வ | ஏ | ப→வ | வ→ஏ | ப→ஏ |
|---|---|---|---|---|---|---|
| 1 | மெ | மெ | மெ | மெ | மெ | மெ |
| 2 | மெ | மெ | பொ | மெ | பொ | பொ |
| 3 | மெ | பொ | மெ | பொ | மெ | மெ |
| 4 | மெ | பொ | பொ | பொ | மெ | பொ |
| 5 | பொ | மெ | மெ | மெ | மெ | மெ |
| 6 | பொ | மெ | பொ | மெ | பொ | மெ |
| 7 | பொ | பொ | மெ | மெ | மெ | மெ |
| 8 | பொ | பொ | பொ | மெ | மெ | மெ |

எடுகூற்றுகள் இரண்டும் மெய்யாக இருப்பவை 1, 5, 7, 8. நான்கிலும் முடிவு மெய். செல்லும்.

இதே அட்டவணையை வைத்துக்கொண்டே இன்னொரு வாதத்தையும் சோதிக்கலாம். அதே இரண்டு எடுகூற்றுகள், அவற்றோடு ‘விலை ஏறியிருக்கிறது’ என்ற மூன்றாவது. முடிவு ‘பனி கொட்டியிருக்கிறது’. இப்போது மூன்றும் மெய்யான வரிசைகள் 1, 5, 7. ஐந்திலும் ஏழிலும் பனி இல்லை, ஆகவே செல்லாது. ஏழாவது வரிசை மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரிந்த நாள்தான்: பனியும் இல்லை, வரத்தும் குறையவில்லை, முகூர்த்தம் என்பதால் விலை ஏறிவிட்டது.

16, 32 வரிசை போட நேரமில்லை. குறுக்குவழி உண்டா?

உண்டு. கெட்ட வரிசை இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அதைக் கட்டியெழுப்ப முயலுங்கள். முடிவைப் பொய் ஆக்குங்கள், எடுகூற்றுகளை எல்லாம் மெய் ஆக்குங்கள், ஒவ்வோர் எழுத்துக்கும் என்ன மதிப்பு கட்டாயமாகிறது என்று பாருங்கள்.

இந்த பஸ் ஆரப்பாளையம் போனால் தேனி பஸ்ஸைப் பிடிக்கலாம் (க→ச). மாட்டுத்தாவணி போனால் திருச்சி பஸ்ஸைப் பிடிக்கலாம் (த→ப). இரண்டில் ஒன்றுக்குப் போகும் (க∨த). ஆகவே தேனி பஸ்ஸோ திருச்சி பஸ்ஸோ பிடிக்கலாம் (ச∨ப).

முடிவு பொய்யாக வேண்டுமானால் ச, ப இரண்டும் பொ. க→ச மெய்யாக இருக்க க பொ ஆக வேண்டும். த→ப மெய்யாக இருக்க த பொ ஆக வேண்டும். இப்போது க∨த பொய்யாகிவிட்டது. ஆனால் அதை மெய் என்று வைத்தோம். முட்டிக்கொண்டது. கெட்ட வரிசை கட்ட முடியவில்லை, ஆகவே வாதம் செல்லும். 16 வரிசை வேலை நான்கு படியில் முடிந்தது.

முட்டாமல் எல்லா எழுத்துக்கும் மதிப்பு கிடைத்துவிட்டால், கையில் இருப்பதே வாதத்தை உடைக்கும் வரிசை. ஒன்றில் கவனம் வேண்டும்: முடிவு க∧ச போல இருந்தால் அது பொய்யாக மூன்று வழிகள் உண்டு. ஒரு வழி முட்டியதும் ‘செல்லும்’ என்று எழுதிவிடக் கூடாது. மூன்றும் முட்ட வேண்டும்.

எடுகூற்றுகள் எல்லாம் மெய்யாகும் வரிசையே இல்லையென்றால்?

வாதம் செல்லும். ‘கடை திறந்திருக்கிறது, கடை திறந்திருக்கவில்லை, ஆகவே மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கோபுரம் 15’ என்ற வாதம்கூடச் செல்லும், கோபுரங்கள் 14தான் என்றாலும். ஒன்றுக்கொன்று முரணான எடுகூற்றுகள் எந்த நிலையிலும் ஒன்றாக மெய் ஆகாது. அதனால் கெட்ட வரிசைக்கு இடமே இல்லை. எடுகூற்றுகள் முரணானவை என்ற செய்தியையும் அட்டவணையே உங்களுக்குக் காட்டிவிடுகிறது. வாதம் செல்லும் என்பது அதன் முடிவை நம்பலாம் என்பதற்குப் பாதி வேலைதான். எடுகூற்றுகள் உண்மையா என்று வெளியே போய்ப் பார்ப்பது மீதிப் பாதி.

முடிவு உண்மை என்று கண்ணுக்கே தெரிகிறது. பிறகெப்படி வாதம் செல்லாது?

‘மதுரை தமிழ்நாட்டில் இருந்தால் இந்தியாவில் இருக்கும். இந்தியாவில் இருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டில் இருக்கிறது.’ மூன்றும் உண்மை. இப்போது தமிழ்நாடு என்ற இடத்தில் கேரளம் என்று மாற்றிப் படியுங்கள். எடுகூற்றுகள் அப்போதும் உண்மை, முடிவு பொய். வடிவம் மாறவே இல்லை. சோதிக்கப்படுவது வடிவம்.

‘மெய்மம்’ என்று பாடத்தில் வருவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எல்லா வரிசையிலும் மெய்யாக வரும் கூற்று மெய்மம். எடுகூற்றுகளை எல்லாம் ∧ போட்டு இணைத்து, அதிலிருந்து முடிவுக்கு → போட்டு ஒரே கூற்றாக எழுதுங்கள். அது மெய்மமானால் வாதம் செல்லும். கண்ணகியின் வாதத்துக்கு ((க→ச)∧¬ச)→¬க. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் மெய்மம் என்று நிரூபிக்கப் பழகியவர்களுக்கு இது புதிய வேலையே அல்ல. ஆனால் நெடுவரிசை கூடுவதால் கைப்பிழையும் கூடும். தேர்வில் எந்த வழி என்று சொல்லாவிட்டால் முதல் வழியே நல்லது.

வேறு எங்கே மதிப்பெண் போகிறது?

அடைப்புக்குறியில். க→ச→த என்று வெறுமனே எழுதாதீர்கள். மூன்றும் பொய்யான வரிசையில் (க→ச)→த பொய், க→(ச→த) மெய். அடுத்தது, ஒரே கூற்றுக்கு இரண்டு எழுத்து கொடுப்பது: ‘கண்மாய் நிரம்பவில்லை’ என்பதற்குப் புது எழுத்து வேண்டாம், ¬ந என்று எழுதுங்கள். இல்லையென்றால் செல்லும் வாதமும் செல்லாததாகத் தெரியும். நீளமான கூற்றை ஒரே மூச்சில் மதிப்பிடாமல், உள் அடைப்பு ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை போடுங்கள்.

எக்ஸெல்லில் போடலாமா?

தாராளமாக. மெய்க்கு 1, பொய்க்கு 0. ¬ என்றால் 1இலிருந்து கழிப்பது. ∧ என்றால் பெருக்குவது. ∨ என்றால் இரண்டில் பெரியது. → என்றால் இடப்பக்க மதிப்பு வலப்பக்கத்தைவிடச் சிறியதா அல்லது சமமா என்று கேட்பது. கடைசியில் ஒரு பொறி இருக்கிறது. அந்த ஒப்பீட்டின் விடை 1, 0 என்று வராமல் தர்க்க மதிப்பாக (TRUE, FALSE) வரும். எக்ஸெல் தர்க்க மதிப்பை எந்த எண்ணையும்விடப் பெரியதாக எடுத்துக்கொள்ளும். அப்படியே அடுத்த → கணக்கில் இட்டால் பிழையான விடை வரும், எச்சரிக்கையும் வராது. ஒப்பீட்டை அடைப்புக்குள் போட்டு 1ஆல் பெருக்கிவிட்டால் சரியாகிவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

இந்த முறையை 1921இல் லுட்விக் விட்கென்ஸ்டைன், எமில் போஸ்ட் இருவரும் தனித்தனியே அச்சில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே சார்லஸ் பியர்ஸின் கையெழுத்துப்படிகளில் இது இருந்தது.

எல்லா வாதத்தையும் இப்படிச் சோதிக்க முடியுமா?

முடியாது. ‘இந்தச் சந்திலுள்ள கடைகள் எல்லாம் ஞாயிறு விடுமுறை. இது இந்தச் சந்திலுள்ள கடை. ஆகவே இதற்கு ஞாயிறு விடுமுறை.’ மூன்றும் தனித்தனிக் கூற்றுகள், எழுத்து மூன்று. க, ச, ஆகவே த. அட்டவணை போட்டால் மெ, மெ, பொ என்ற வரிசை வந்து ‘செல்லாது’ என்று காட்டும். ஆனால் வாதம் செல்லும். அதைச் செல்ல வைக்கும் ‘எல்லாம்’ என்ற சொல் கூற்றுக்கு உள்ளே இருக்கிறது; அட்டவணை கூற்றுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. குறியாக்கம் சரியாக இருந்து அட்டவணை ‘செல்லும்’ என்றால் அதை நம்பலாம். ‘செல்லாது’ என்றால், வாதத்தில் எல்லா, சில, எவரும், ஒருவர்கூட போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிட்டு நம்புங்கள். இருந்தால் வட்டங்களால் தொகுதிகளைக் காட்டும் வென் படம் போடுங்கள், அல்லது ‘எல்லா’, ‘சில’ என்பவற்றுக்கான அளவுக்குறிகளைக் கையாளும் தர்க்கத்துக்குப் போக வேண்டும். போவதற்கு முன் வாக்கியத்தின் பொருளையும் தீர்த்துக்கொள்ளுங்கள்: ‘எல்லோரும் வரவில்லை’ என்று ஒருவர் சொன்னால், ஒருவரும் வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.